நத்தார் தாத்தாவின் மானுக்கு மார்கழியில் கொம்பு இருக்குமா?

குடில்காரன் | 6 டிசெம்பர், இரவு 9.10

பாசையூர்ப் பக்கத்து வாலிபர் கூட்டம் நாங்கள். வருடாவருடம் கரோல் பாடப் போகும் லான்ட்மாஸ்டர் பெட்டியில் இரண்டு வாழைக்குட்டி, ஒரு ஜெனரேட்டர், நாற்காலியில் பஞ்சுத் தாடியோடு ஒரு நத்தார் தாத்தா, இவ்வளவுதான் இருக்கும். இந்த முறை தாத்தாவுக்கு முன்னால் மான் கட்டுவது என்று கூட்டத்தில் தீர்மானமாகிவிட்டது. கை தூக்கியவர்கள் பதினொரு பேர். வேலைக்கு வந்தவன் நான் ஒருவன்.

பனைமட்டையால் சட்டம், அதன்மேல் தும்பு அடைத்த சாக்கு. ஒரு மான் முடிந்துவிட்டது. செம்மண் கரைத்துப் பூசி, முதுகில் சுண்ணாம்பால் புள்ளியும் வைத்துவிட்டேன். வன்னிக் காட்டோரம் வளர்ந்த சித்தப்பா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பனி நாட்டுக்குப் போகிற மான் மடுவிலிருந்து புறப்பட்டிருக்கிறது போல" என்றார். புள்ளிமானாம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கை இன்னொரு குண்டு போட்டாள்: நத்தார் நேரத்தில் ஆண் மானுக்குக் கொம்பே இருக்காதாம்.

கொம்பில்லாத மானைக் கட்டி ஊர்வலம் விட்டால் குருநகர்ப் பொடியன்கள் கழுதை என்று சொல்லிச் சிரிப்பார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புள்ளியை அழிக்கவா? கொம்பை வைக்கவா, விடவா?


பட்டிவைத்தியர் | 6 டிசெம்பர், இரவு 10.02

புள்ளியை இப்போதே அழியுங்கள். மற்ற மான்களின் குட்டிகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்கும். தாத்தாவின் வண்டியை இழுக்கும் துருவ மானின் குட்டிக்குக்கூட இல்லை. உடல் சாம்பல் கலந்த மண்ணிறம். கழுத்தும் பிட்டமும் வெளுத்திருக்கட்டும். தோள் உயரம் ஏறத்தாழ 1 மீட்டர் போதும். வாழ்த்து அட்டைகளில் குதிரை உயரத்துக்கு வரைகிறார்கள். நேரில் அது நம் நாட்டு மாட்டை ஒத்த உருவந்தான்.

கொம்பு விடயத்தில் தங்கை சொன்னது சரி. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறாள்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கும் கொம்பு வேறு, மான் கொம்பு வேறு. மாட்டுக்கொம்பு உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை; அது உதிர்வதில்லை. மான் கொம்பு முழுவதும் எலும்பு. வருடாவருடம் விழும், வருடாவருடம் முளைக்கும். முளைக்கும்போது மெல்லிய மயிர்த்தோல் மூடி இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரிந்துவிடும். பழைய வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் மான் கொம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் உறை கிடையாது.

நம் புள்ளிமானிலும் மரையிலும் ஆணுக்கு மட்டுமே கொம்பு. மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு முளைப்பது துருவ மான் என்ற ஒரே இனத்தில்தான். கணக்கு அங்கேதான் மாறுகிறது. இணைசேரும் பருவம் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். முதிர்ந்த ஆண்கள் சண்டை பிடித்துக் களைத்து, நவம்பர், டிசெம்பரில் கொம்பை உதிர்த்துவிடுகின்றன. சினைப்பட்ட பெண்கள் உதிர்ப்பதில்லை. மாரி முழுவதும் வைத்திருந்து, மே மாதமளவில் குட்டி ஈன்ற பிறகே விடுகின்றன.

காரணம் சாப்பாடு. பனியைக் குளம்பால் தோண்டிக் குழி பறித்து அடியில் கிடப்பதைத் தின்ன வேண்டும். குழி பறிப்பது ஒருவர், தட்டிப் பறிக்க வருவது இன்னொருவர். கொம்பு இருப்பவள் கொம்பு இல்லாதவனை விரட்டிவிடுவாள், அவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும். வயிற்றில் குட்டியோடு இருப்பவளுக்கு அந்த ஆயுதம் வேண்டியிருக்கிறது.

ஆகவே கொம்பை வையுங்கள். வைத்தால் அது பெண்.


குடில்காரன் | 6 டிசெம்பர், இரவு 10.15

டொக்டர், தாத்தாவின் வண்டியில் பூட்டிய எட்டு மானுமா பெண்?


பட்டிவைத்தியர் | 6 டிசெம்பர், இரவு 10.31

கட்டாயம் இல்லை. இளம் ஆண்கள் மாரியின் பின்பகுதிவரை கொம்போடு நிற்கும். நலமடித்த, அதாவது விதை நீக்கிய, ஆண்களும் அப்படித்தான். மற்ற மான் இனங்களில் நலமடித்தால் கொம்புச் சுழற்சி குழம்பிவிடும். துருவ மானில் நலமடித்த பிறகும் வருடாவருடம் கொம்பு முளைத்து உதிர்கிறது. வண்டி இழுக்கப் பழக்குவதும் நலமடித்தவற்றைத்தான். நம்மூரில் நாம்பனை அப்படியே வண்டிலில் பூட்டுகிறோமா? அதே நியாயந்தான். தாத்தாவின் எட்டும் பெண்ணாக இருக்கலாம், அல்லது எட்டும் எருதாக இருக்கலாம்.


முணுமுணுப்பு | 7 டிசெம்பர், காலை 6.20

மார்கழி மழையில் வாய்க்கால் நிரம்பி ஓடுகிறது, வீட்டுக்குள் மின்விசிறி சுழல்கிறது, இவர்களுக்குப் பனிமான் வேண்டுமாம். பஞ்சைக் கிள்ளிக் கொட்டிப் பனி என்கிறோம். தாத்தா வேடம் போட்டவர் சென்ற வருடம் வியர்வையில் மயங்கிச் சரிந்ததை நான் கண்ணால் கண்டேன். மாடு கட்டுங்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்கு மாடு போதும்.


வடதுருவத் தம்பி | 7 டிசெம்பர், மாலை 5.48

எனக்கு இந்த இழை கண்ணில் பட்டது பெரிய சந்தோசம். நான் வட நோர்வேயில் இருக்கிறேன். தொண்ணூறுகளில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர்களில் ஒருவன். இங்கே மானைப் பார்க்க மிருகக்காட்சிச்சாலைக்குப் போக வேண்டியதில்லை. கோடையில் கடற்கரை வீதியில் மந்தையாக வந்து நின்றுவிடும். ஹோர்ன் அடித்தாலும் அசையாது. மானிப்பாய் வீதியில் படுத்திருக்கும் மாடு உங்களைப் பார்க்குமே, அதே பார்வை. மாரி தொடங்கியதும், மான் மேய்க்கும் சாமி என்ற இந்நாட்டுப் பழங்குடி மக்கள் அவற்றை உள்நாட்டு மேய்ச்சலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

ஒரு டிசெம்பரில் காரசொக் என்ற இடத்துக்குப் போயிருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கும் நீலமாக ஒரு மங்கல், சூரியன் எழுவதில்லை. காரை நிறுத்தி இறங்கி நின்றபோது "டிக், டிக், டிக்" என்று ஒரு சத்தம். யாரோ நூறு பேர் விரல் சொடுக்கிக்கொண்டு வருவதுபோல. மந்தை நடந்து வந்துகொண்டிருந்தது. பாதத்திலுள்ள தசைநாண் எலும்பின்மேல் வழுக்கிச் சொடுக்குகிறது என்று கூட்டிப்போன சாமிக் கிழவர் சொன்னார். பனிப்புயலில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது அந்தச் சத்தம் மந்தையைப் பிரியவிடாமல் வைத்திருக்குமாம்.

அவற்றில் ஒன்று மிக அருகில் வந்து என் கையுறையை முகர்ந்தது. மாட்டு மூக்கு ஈரமாக, மொழுமொழுவென்று இருக்குமல்லவா? இதன் மூக்கு முழுவதும் மயிர். வெல்வெட் துணியால் தேய்த்தது போலிருந்தது. காதைப் பார்த்தால் ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டுகள். அது உரிமையாளரின் குறி. வன்னியில் பட்டி மாட்டுக்குக் குறிசுடுவார்களே, அதற்குப் பதில் இவர்கள் காதை வெட்டுகிறார்கள். எந்த வெட்டு எந்தக் குடும்பம் என்று கிழவர் தூரத்திலிருந்தே சொன்னார்.

டொக்டர் சொன்ன எருதுக்குச் சாமி மொழியில் தனிப் பெயரே இருக்கிறது: ஹெர்கி. நம் வண்டில் சவாரி போல இங்கேயும் ஓட்டப் பந்தயம் உண்டு. பெப்ரவரியில் சாமி மக்களின் தேசிய தினத்தையொட்டி ட்ரொம்சோ நகரின் நடுவீதியில் மானை ஓடவிட்டு, பின்னால் பனிச்சறுக்குக் கட்டையில் ஆள் நின்று இழுபட்டுக்கொண்டு போவார். நாணயக் கயிறு பிடிக்கிற நம் சவாரிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினால் வென்றுவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்க வராதீர்கள். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டு அதன் இறைச்சியைப் பிரட்டல் வைத்தோம். மாட்டுக்கும் மரைக்கும் நடுவில் ஒரு ருசி.


பூசைமணி | 7 டிசெம்பர், இரவு 7.30

தாத்தாவின் வாகனத்தையே கறி வைத்துவிட்டீர்களா தம்பி! மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.


சுவடி அக்கா | 7 டிசெம்பர், இரவு 9.05

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் என்ற உரிமையில் ஒரு குறை சொல்கிறேன். ஒளி விழா அழைப்பிதழ்களிலும் சிறுவர் பக்கங்களிலும் இந்த மிருகத்தைக் "கலைமான்" என்று போடுகிறார்கள். தொல்காப்பிய மரபியலில் கலை என்பது ஆண்பாற் பெயர். மானின் பெண்பாற் பெயர் பிணை. டொக்டரின் கணக்குப்படி நத்தார் இரவில் கொம்போடு நிற்பது பெரும்பாலும் பிணை. நாம் அதைப் பிடித்துக் கலை என்கிறோம்.

போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் கலைமான் என்றால் முறுக்கிய கொம்புள்ள வேறொரு மிருகம். அது மான் குடும்பமே அல்ல. மாடு, ஆட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கொம்பு உதிராது. உதிரும் கொம்புள்ள பெண்ணுக்கு உதிராத கொம்புள்ள ஆணின் பெயர். துருவ மான் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?


முணுமுணுப்பு | 7 டிசெம்பர், இரவு 9.20

அக்கா, இலக்கணப் பிழை திருத்திய மானை லான்ட்மாஸ்டரில் ஏற்றப் போகிறோம் என்று நினைக்க மனம் நிறைகிறது.


குடில்காரன் | 8 டிசெம்பர், இரவு 8.44

புள்ளி அழிந்தது. கொம்புக்குப் பனைமட்டை சரிவரவில்லை, கிளை பிரியாது. வேலிப் பூவரசில் கிளைகளை வெட்டி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் வாங்கிய ஏச்சைத் தனி இழையாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது மூக்கு. பழைய ரலி சைக்கிளின் பின் மட்கார்ட்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன். மயிர் மூக்கு என்று அண்ணை சொல்கிறாரே, கதையில் வரும் மானின் சிவப்பு மூக்கு முழுப் பொய்யா?


பட்டிவைத்தியர் | 8 டிசெம்பர், இரவு 10.10

பொய்யில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. 2012 டிசெம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் நெதர்லாந்து, நோர்வே விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சஞ்சிகையின் நத்தார் இதழில் இப்படிக் கொஞ்சம் குறும்பான ஆராய்ச்சிகளும் வரும், ஆனால் அளவீடு உண்மையானது. ஐந்து மனிதர், இரண்டு துருவ மான். மூக்கின் உட்சவ்வை நுண்கருவியால் பார்த்தபோது, மானின் மூக்கில் இரத்த நுண்குழாய்கள் மனிதரைவிட 25 வீதம் அடர்த்தியாக இருந்தன. மானை ஓட்டப் பொறியில் ஓடவிட்டு வெப்பப் படக்கருவியால் பார்த்தால் மூக்கு தனியாகச் சிவந்து தெரிகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

மூக்குக்குள் இருப்பது இன்னும் விசேஷம். மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக மடிந்து, உட்புகும் குளிர்காற்றை நுரையீரலுக்குப் போகுமுன் சூடாக்குகின்றன. வெளியேறும் மூச்சிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் திரும்பப் பிடித்துக்கொள்கின்றன. மாடு குளிர்காலையில் புகை விடுவதுபோல் இது வீணாக விடுவதில்லை.

சிவப்பு மூக்கு மான் 1939இல் அமெரிக்காவின் மொன்ட்கொமெரி வார்ட் என்ற கடைத்தொகுதி இலவசமாகக் கொடுத்த சிறுவர் கதையில் பிறந்தது. எழுதியவர் அங்கே விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ரொபேர்ட் மே. மற்ற எட்டும் அதற்கு முன்பே, 1823இல் நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த கவிதையில் பூட்டப்பட்டவை. ஆகவே ரிஃப்ளெக்டரை ஒட்டுங்கள். கடைக்காரன் கண்டுபிடித்த மூக்குக்குச் சைக்கிள் உதிரிப்பாகம் பொருத்தமானதுதான்.

கண்ணுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?


குடில்காரன் | 8 டிசெம்பர், இரவு 10.14

இரண்டு கறுப்புப் போத்தல் மூடி.


பட்டிவைத்தியர் | 8 டிசெம்பர், இரவு 10.40

பகலுக்குச் சரி. ஆனால் நீங்கள் இரவில் அல்லவா போகிறீர்கள்? டோர்ச் அடித்தால் மாட்டுக்கண் மின்னுவது கண்ணின் அடியிலுள்ள ஒரு கண்ணாடிப் படலத்தால். துருவ மானில் அந்தப் படலம் கோடையில் பொன்னிறம், மாரியில் நீலம். 2013இல் லண்டன், ட்ரொம்சோ ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். மாரி முழுவதும் இருட்டில் கண்மணி விரிந்தே இருப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, படலத்தின் நார்கள் நெருங்கி, எதிரொளிக்கும் நிறமே மாறிவிடுகிறதாம். நீலப் படலத்தில் ஒளி அதிகம் சிதறும். பார்வைக் கூர்மை குறைந்தாலும் இருட்டில் காணும் திறன் கூடும்.

அதற்கு மேல், நமக்குத் தெரியாத புறஊதா ஒளியும் அதற்குத் தெரியும். பனி புறஊதாவைத் திருப்பி அனுப்பும். மான் தின்னும் பாசிக்காளானும் ஓநாயின் மயிரும் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைப் பனியில் வெள்ளை ஓநாய் நமக்கு மறைந்து போகும். மானுக்குக் கரிக்கட்டை போலத் தெரியும்.

நீலக் கடதாசி ஒட்டுங்கள், மாரிக்கண்.


வடதுருவத் தம்பி | 9 டிசெம்பர், மாலை 6.15

பாசிக்காளான் என்று டொக்டர் சொன்னதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மாரியில் மானின் முக்கிய உணவு அதுதான். சாம்பல் வெள்ளையாக, பஞ்சும் பவளமும் கலந்ததுபோல் தரையில் கிடக்கும். வெயிலில் மிதித்தால் அப்பளம் போல நொறுங்கும், மழை பட்டால் இறப்பர் போலாகிவிடும். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மந்தை மேய்ந்து மிதித்த நிலம் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்து வருடங்கள் பிடிக்கும். அதனால்தான் சாமி மக்கள் மந்தையோடு இடம் மாறுகிறார்கள், ஆசைக்கு அலைவதில்லை.

இப்போது அவர்கள் பயப்படுவது பனிக்கு அல்ல, மழைக்கு. மாரி நடுவில் மழை பெய்து உறைந்தால் பாசிக்காளான்மேல் பனிக்கட்டி ஓடு மூடிவிடும். குளம்பால் உடைக்க முடியாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் அப்படி மழை பெய்து 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. அதுபற்றிப் பேச்சு வந்தபோது அந்தக் கிழவர் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.


நெடுந்தீவான் | 9 டிசெம்பர், இரவு 9.37

தீவுக்காரன் என்ற முறையில் ஒரு கதை. அலாஸ்காவுக்கு மேற்கே, பேரிங் கடலில் செயின்ட் மத்தேயு என்றொரு தீவு. 1944இல், யுத்த காலத்தில், அங்கேயிருந்த சிறு முகாமுக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படை 29 துருவ மான்களை இறக்கியது. யுத்தம் முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள். மான்கள் மிஞ்சின. ஓநாய் இல்லை, வேட்டைக்காரன் இல்லை, காலடியில் யாரும் தின்னாத பாசிக்காளான். 1963இல் எண்ணியபோது 6,000. அந்த மாரி கொடுமையாக வந்தது. 1966இல் போய் எண்ணியவர்களுக்குக் கிடைத்தவை 42. அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் இனம் பெருக்க ஆகாதது. கொஞ்ச வருடத்தில் மந்தையே இல்லாமற் போயிற்று.

எங்கள் தீவில் குதிரைகள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை என்பார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள். கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். வறட்சி வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவை வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டி காய்ந்திருக்கும், அவை நகராது. இறங்குதுறையில் படம் எடுக்கிற சுற்றுலாக்காரர் ஒருவர் என்னிடம், "எவ்வளவு சுதந்திரமாக அலைகின்றன" என்றார். நான் பதில் சொல்லவில்லை, படகு புறப்பட்டுவிட்டது.


பூசைமணி | 10 டிசெம்பர், பிற்பகல் 3.00

குதிரை என்றதும் ஞாபகம் வந்தது. தாத்தாவுக்கு மான் பூட்டுவதற்கு முன்பு குதிரைதான் வாகனம். ஒல்லாந்து நாட்டில் புனித நிக்கலஸ் இன்றும் வெள்ளைக் குதிரையில் வருகிறார், டிசெம்பர் 5ஆம் திகதி இரவில். பிள்ளைகள் சப்பாத்துக்குள் குதிரைக்கு வைக்கோலும் கரட்டும் வைத்துவிட்டுப் படுப்பார்கள். அவர்கள் வாயில் அவர் சின்டர்கிளாஸ்; அது அமெரிக்காவில் சாந்தாகிளாஸ் ஆயிற்று. 1823 கவிதையில் கடைசி இரண்டு மான்களுக்கு டுண்டர், பிளிக்சம் என்று பெயர்: ஒல்லாந்து மொழியில் இடி, மின்னல்.

அதே ஒல்லாந்தர்தான் 1658இலிருந்து நம் கோட்டையில் இருந்தார்கள். குதிரையில் ஏறி நிக்கலஸ் ஏன் இங்கே வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டான். எப்படி வருவார்? அவர்கள் இங்கே கத்தோலிக்க வழிபாட்டையே தடை செய்தவர்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக்குப் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்தார். நமக்கு வந்த நத்தார் தாத்தா அவர்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். நத்தார் என்ற சொல்லும் போர்த்துக்கேயரின் நத்தால்தானே.


வடதுருவத் தம்பி | 10 டிசெம்பர், மாலை 5.20

மின்னல் என்று பெயர் வைத்தார்கள். 2016 ஓகஸ்டில் தென் நோர்வே மலைவெளியில் ஒரே மின்னலில் 323 துருவ மான்கள் செத்துக் கிடந்தன. இடிமழைக்குப் பயந்து நெருங்கி நின்றிருந்தன, ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்துவிட்டது.

குதிரைக்கு முன்னால் ஆடு, அக்கா. பின்லாந்தில் தாத்தாவின் பெயரே யோலுபுக்கி, அதாவது நத்தார்க் கடா. ஒரு காலத்தில் ஆட்டு வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்கள். சுவீடனில் யாவ்லே என்ற ஊரில் 1966இலிருந்து 13 மீட்டர் உயரத்தில் வைக்கோல் ஆடு கட்டுகிறார்கள். முதல் வருடமே யாரோ கொளுத்திவிட்டார்கள். பிறகு எத்தனையோ தடவை. காவல் போட்டும் கொளுத்துகிறார்கள்.


முணுமுணுப்பு | 10 டிசெம்பர், மாலை 6.02

குருநகர்ப் பொடியன்களுக்கு இதைச் சொல்லாதீர்கள்.


சுவடி அக்கா | 10 டிசெம்பர், இரவு 8.50

ஐஸ்லாந்தில் பூனை. நத்தாருக்குப் புது உடுப்புக் கிடைக்காதவர்களைப் பிடித்துத் தின்னும் பென்னம்பெரிய பூனை. கம்பளி வேலையை நத்தாருக்குள் முடிக்காத சோம்பேறிகளை வெருட்டச் சொன்ன கதை. என்னுடைய சட்டைத் துணி கார்த்திகை முதலாம் திகதியிலிருந்து ஒரு தையற்கடையில் கிடக்கிறது. "நாளைக்கு வாருங்கள் ரீச்சர்." அந்தப் பூனைக்கு நான் முகவரி கொடுக்கத் தயார்.


முணுமுணுப்பு | 11 டிசெம்பர், காலை 6.15

மாடு கட்டுங்கள் என்று முதலாம் நாளே சொன்னேன். ஆடு, பூனை, குதிரை என்று ஊர் சுற்றுகிறீர்கள். வேதத்தில் இருப்பது மாடும் கழுதையும்.


பூசைமணி | 11 டிசெம்பர், பிற்பகல் 2.25

அண்ணை கோபிக்கக் கூடாது. நற்செய்தியில் அவை இல்லை. லூக்கா சொல்வது தீவனத் தொட்டி மட்டும். தொட்டி இருந்தால் மாடு இருந்திருக்கும் என்பது நம் ஊகம். மாடும் கழுதையும் வந்தது எசாயாவின் முதலாம் அதிகாரத்திலிருந்து: மாடு உடையவனை அறியும், கழுதை தீவனத் தொட்டியை அறியும், மக்களோ அறியவில்லை என்ற மனக்குறை அது. நான்காம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டிகளில் பாலனையும் இந்த இரண்டு மிருகங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் மாதாவே இல்லை, மாடு இருக்கிறது! 1223இல் பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சியோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். குடில் கட்டும் வழக்கம் அங்கிருந்து பரவியது. ஒட்டகமும் மத்தேயுவில் இல்லை. அதுவும் எசாயா, 60ஆம் அதிகாரம்.

ஐரோப்பாவில் நத்தார் நள்ளிரவில் தொழுவத்து மிருகங்கள் பேசும் என்று நம்புவார்கள். ஒட்டுக்கேட்டால் கேடு வருமாம். நான் சின்ன வயதில் எங்கள் சிவலைப் பசுவுக்குப் பக்கத்தில் போர்வையோடு போய்ப் படுத்திருந்தேன். அது அசைபோட்டது, பெருமூச்சு விட்டது. அம்மா தேடிவந்து காதைத் திருகியதுதான் வந்த கேடு.


பட்டிவைத்தியர் | 11 டிசெம்பர், இரவு 9.48

துருவ மான் அசைபோடும்போதே ஓரளவு தூங்கிவிடுகிறது. மூளை அலைகளை அளந்தவர்கள் 2023இல் எழுதியது: அசைபோடும் நேரத்து அலைகள் ஆழ்ந்த தூக்கத்தை ஒத்திருக்கின்றன, எவ்வளவு அசைபோடுகிறதோ அவ்வளவு தூக்கத் தேவை குறைகிறது. கோடையில் இருட்டே வராத இடத்தில் இரவு பகலாக மேய்வதற்கு நல்ல ஏற்பாடு. உங்கள் சிவலையும் அரைத் தூக்கத்தில்தான் இருந்திருக்கும் அக்கா.


குடில்காரன் | 25 டிசெம்பர், அதிகாலை 3.05

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். எட்டு மான் கட்டச் சாக்கு இல்லை. இரண்டு கட்டினோம். ஒன்றுக்குக் கொம்பு, நீலக்கண். மற்றது பெரிய உருவம், கழுத்தில் தும்பால் பிடரி, தலையில் கொம்பு விழுந்த இடத்தில் இரண்டு வட்டத் தழும்பு. சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பெண்ணுக்கே வைத்தேன். கண்ணாடிப் புட்டியில் கூழாங்கற்களைப் போட்டு அச்சில் கட்டினோம். வண்டி உருளும்போது டிக், டிக்.

எதிர்பார்த்ததுதான், முதல் ஒழுங்கையிலேயே ஒரு சிறுவன் பெரியதைக் காட்டி, "இது ஏன் மொட்டை?" என்றான். "அது அப்பா, சண்டை பிடித்துக் கொம்பு விழுந்துவிட்டது, அம்மாவுக்குத்தான் இருக்கிறது" என்றேன். திண்ணையில் இருந்த அவனுடைய அம்மம்மா, "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு பாட்டை ஆரம்பிக்க ஐந்து நிமிடம் பிடித்தது.

ஒன்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மழையில் ஊறிய தும்புக்குள் குத்தி வைத்த பூவரசங்கிளை. இரண்டு கிழமையில் கொம்பு துளிர்த்துவிட்டது. நுனி நுனியாகப் பச்சை. கிள்ளிவிட மனம் வரவில்லை.


முணுமுணுப்பு | 25 டிசெம்பர், காலை 7.10

எங்கள் ஒழுங்கைக்கும் வந்தது. பார்த்தேன். தாத்தாவுக்கு மின்விசிறி பூட்டியது நல்ல வேலை.


சுவடி அக்கா | 25 டிசெம்பர், காலை 9.30

சட்டை நேற்றிரவு எட்டு மணிக்குக் கிடைத்தது. ஒரு கை நீளம். துளிர்த்த கொம்பைப் படம் எடுத்துப் போடு தம்பி.


குடில்காரன் | 26 டிசெம்பர், காலை 8.12

படம் எடுக்கப் போனால் கொம்பு இல்லை. இரவு வண்டியைக் கோவில் மதிலோரம் விட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கடா கயிறறுத்து வந்து குழை முழுவதையும் தின்றுவிட்டு, கிளையையும் பாதி கடித்து, பெண் மானின் மடியில் படுத்திருக்கிறது. இப்போது இரண்டும் மொட்டை.


பட்டிவைத்தியர் | 26 டிசெம்பர், காலை 8.20

துருவ மான்களும் விழுந்த கொம்பைக் கடித்துத் தின்னும், சுண்ணாம்புச் சத்துக்காக. அது கிடக்கட்டும். கிளைக்கு ஏதாவது பெயின்ற் பூசினீர்களா? ஆட்டின் வயிறு இடப்பக்கம் ஊதியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து உடனே எழுதுங்கள்.


குடில்காரன் | 26 டிசெம்பர், காலை 8.31

செம்மண் மட்டும்தான் டொக்டர். வயிறு ஊதவில்லை. எழும்பி நின்று இப்போது தும்புப் பிடரியை முகர்ந்துகொண்டிருக்கிறது. கயிறு தேடப் போகிறேன்.